மார்ஷ்மெல்லோவும் மளிகைக் கடையும்



கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் தின்பண்டப் பொட்டலங்களுக்கு நடுவே, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பஞ்சுத் துண்டு போன்ற ஒரு மிட்டாயை இப்போது பல ஊர்களிலும் பார்க்கிறோம். மார்ஷ்மெல்லோ என்று பெயர். விரலால் அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் வாங்கிக் கொடுக்கிறார்கள். இது ஒருபுறம் இருக்க, சில காலமாக வேறொரு வகை வாடிக்கையாளரும் வருகிறார். பாக்கெட்டில் உள்ள சாயமும் எசன்ஸும் வேண்டாம், வீட்டிலேயே செய்து கொடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி ஒரு சீட்டை நீட்டுகிறார். அதில் ஜெலட்டின், லிக்விட் குளுக்கோஸ், கார்ன்ஃப்ளோர், ஐசிங் சுகர், வெனிலா என்று எழுதியிருக்கிறது.

அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு நமது சில்லறைக் கடைக்காரர்கள் நமக்குத் தொலைபேசி செய்கிறார்கள். "ஜெலட்டின் கைவசம் இல்லை, சைனா கிராஸ் கொடுத்தால் போதுமா?" என்று ஒருவர் கேட்கிறார். "இது சைவமா அசைவமா, என்ன சொல்வது?" என்று இன்னொருவர். ஒருவர், "ஜெலட்டின் என்றால் கல் குவாரியில் வெடி வைப்பதுதானே, அதை எப்படித் தின்பார்கள்?" என்றே கேட்டுவிட்டார். செய்தித்தாளில் வரும் ஜெலட்டின் குச்சி வேறு சரக்கு. அதற்கும் மளிகைக்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, நமது இதழில் ஒரு முறை விரிவாக எழுதிவிட்டால் எல்லாருக்கும் பயன்படும் என்று தோன்றியது. செய்முறை விவரங்கள், நமது பேத்திகள் அடுப்படியில் செய்தபோது நாம் தராசும் கையுமாக உடனிருந்து குறித்துக்கொண்டவை.

பெயர் வந்த வழி

மார்ஷ்மெல்லோ என்பது முதலில் ஒரு செடியின் பெயர். ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் வளர்வது. நமது நாட்டு மருந்துக் கடைகளில் சீமைத்துத்தி என்றும், யுனானி மருத்துவர்கள் கத்மி என்றும் சொல்வது இதைத்தான். வெண்டை, துத்தி, செம்பருத்தி எல்லாம் இதன் உறவுகள். வெண்டைக்காயை நறுக்கினால் கையில் ஒட்டும் கொழகொழப்பு இருக்கிறதே, அதே கொழகொழப்பு இச்செடியின் வேரில் மிகுதி. அந்த வேர்ச் சாற்றில் தேனோ சர்க்கரையோ சேர்த்துத் தொண்டைக் கரகரப்புக்கும் இருமலுக்கும் கொடுத்து வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு மிட்டாய்க்காரர்கள் வேர்ச் சாற்றோடு சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து நுரைக்க அடித்து, மருந்தை மிட்டாயாக்கினார்கள். வேரை எடுத்துச் சாறு பிழிவது நேரம் பிடிக்கும் வேலை. ஆகவே பின்னர் வேரை விட்டுவிட்டு ஜெலட்டினைப் பிடித்துக்கொண்டார்கள். 1950-களில் அமெரிக்காவில் குழாய் வழியாகப் பிதுக்கித் துண்டு போடும் இயந்திர முறை வந்தது. விலை இறங்கி உலகெங்கும் பரவிவிட்டது. இன்று கடையில் விற்கும் மார்ஷ்மெல்லோவில் மார்ஷ்மெல்லோ வேர் இருப்பதில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

உள்ளே இருப்பது என்ன?

சர்க்கரை, தண்ணீர், உறைய வைக்கும் ஒரு பொருள், காற்று. இவ்வளவுதான். சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, உறைய வைக்கும் பொருளோடு சேர்த்து வேகமாக அடித்தால் உள்ளே காற்றுக் குமிழிகள் புகுந்து மூன்று மடங்காகப் பொங்கும். ஆறும்போது அந்தக் குமிழிகளைச் சுற்றிச் சுவர் கட்டினாற்போல் உறைபொருள் இறுகிவிடும். நாம் காசு கொடுத்து வாங்கும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பகுதி காற்றுதான். அதனால்தான் பெரிய பொட்டலமாகத் தெரிந்தாலும் எடை போட்டால் நூறு கிராம், நூற்றைம்பது கிராம் என்றுதான் நிற்கிறது. வாடிக்கையாளர் "இவ்வளவு லேசாக இருக்கிறதே" என்று குறைப்பட்டால் இதை எடுத்துச் சொல்லலாம்.

கணக்கு இப்படி எளிதாக இருக்க, சிக்கல் எல்லாம் அந்த உறைபொருளில்தான் இருக்கிறது.

ஜெலட்டின்

ஜெலட்டின் என்பது கால்நடைகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் புரதம். நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் மாட்டெலும்பு, எருமை எலும்பிலிருந்து எடுக்கிறார்கள். ஐரோப்பாவில் பன்றித் தோலிலிருந்து எடுப்பது அதிகம். மீன் தோலிலிருந்தும் எடுப்பதுண்டு. மருந்துக் கடையில் விற்கும் கேப்சூல் மாத்திரையின் மேற்கூடு பெரும்பாலும் இதே ஜெலட்டின்தான். சுத்தம் செய்து பொடியாக்கிய பின் அதற்கு நிறமும் மணமும் ஏறக்குறைய இல்லை. பார்ப்பதற்கு ரவைச் சர்க்கரை போல இருக்கும். அங்கேதான் நமது கடைக்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

நம்மிடம் பல ஆண்டுகளாகச் சரக்கெடுக்கும் சில்லறை வணிகர் ஒருவர். பெயரும் ஊரும் வேண்டாம். அவர் கடையில் இருபது ஆண்டாக மாதக் கணக்கு வைத்திருந்த ஓர் அம்மாள், தலைமுறை தலைமுறையாகச் சைவம் தவறாத குடும்பம். பேரனுக்கு மார்ஷ்மெல்லோ எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, இது சைவந்தானே?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர், "சர்க்கரை மிட்டாய்தாம்மா, தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பத்து நாள் கழித்துப் பட்டணத்தில் படிக்கும் மூத்த பேத்தி வந்து பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் காலை கடைக்கு வந்து, "எங்க கணக்கை முடிச்சுக் குடுத்துடுங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாராம். பாக்கியைச் செலுத்தி, நோட்டை வாங்கிக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை. ஒரு பொட்டல மிட்டாயில் நமக்கு நிற்கும் இலாபம் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதே கேள்வி இசுலாமிய வாடிக்கையாளர்களுக்கும் உண்டு. பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் அவர்களுக்கு ஆகாது. மாட்டு ஜெலட்டினாக இருந்தாலும் ஹலால் முத்திரை உண்டா என்று பார்ப்பார்கள். மாட்டு ஜெலட்டின் வேண்டவே வேண்டாம் என்போரும் நமது ஊர்களில் ஏராளம். ஆக, ஒரே பொருளைப் பற்றி மூன்று தரப்பாருக்கு மூன்று வகைக் கவலை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மூவருக்கும் உண்மையைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நல்லவேளையாக இதற்கு அடையாளம் பொட்டலத்திலேயே இருக்கிறது. சைவத்துக்குப் பச்சைச் சதுரக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் என்பது எல்லாருக்கும் தெரியும். அசைவத்துக்கு முன்னர் பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு வட்டம் இருந்தது. 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு லேபிள் விதிகளில் அதைப் பழுப்பு முக்கோணமாக மாற்றினார்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் வடிவத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஜெலட்டின் சேர்ந்த மார்ஷ்மெல்லோவில் பழுப்பு அடையாளம்தான் இருக்க வேண்டும். முட்டை சேர்ந்தாலும் சட்டப்படி பழுப்புதான். நம்மில் பலர் இதை அறிவதில்லை. பாலுக்கும் தேனுக்கும் விலக்கு உண்டு. வெளிநாட்டுப் பொட்டலமாக இருந்தால் இறக்குமதியாளர் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் பார்க்க வேண்டும். பச்சை வட்டத்தோடு வரும் மார்ஷ்மெல்லோக்களும் சந்தையில் உண்டு. அவற்றின் சேர்மானப் பட்டியலில் 406 என்ற எண் இருந்தால் அகர், 407 என்றால் காராஜீனன், 440 என்றால் பெக்டின். முதல் இரண்டும் கடற்பாசியிலிருந்து வருபவை. மூன்றாவது பழத்திலிருந்து வருவது. இந்த மூன்று எண்களை ஓர் அட்டையில் எழுதிக் கல்லாப் பெட்டியின் உட்புறம் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்.

இங்கே நமது தரப்பில் நடக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெரிய பாக்கெட்டையோ ஜாடியையோ வாங்கிப் பிரித்து, ஐந்து ஐந்து துண்டாகச் சின்னக் கவரில் போட்டு, வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிச் சரத்தில் தொங்கவிடுகிறோம். கமர்கட்டுக்கும் தேன் மிட்டாய்க்கும் செய்த பழக்கம் இதற்கும் தொற்றிக்கொண்டது. பெரிய பாக்கெட்டில் இருந்த பழுப்பு அடையாளம் குப்பைக் கூடைக்குப் போய்விடுகிறது. சின்னக் கவரில் ஒன்றுமில்லை. தயாரித்த தேதியும் இல்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து கேட்டால் பதில் இல்லை என்பது ஒன்று. அதைவிட, கோயிலுக்குப் போய்வரும் வழியில் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் தாய்க்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் நாம் செய்துவிடுகிறோம். கம்பெனியே போட்ட சிறு பொட்டலங்கள் கிடைக்கின்றன. அவற்றையே வாங்கி விற்கலாம்.

ஜெலட்டின் கொண்டு வீட்டில் செய்யும் முறை

அசைவம் உண்ணும் வீட்டார் கேட்டால் ஜெலட்டினே கொடுக்கலாம். செய்வதற்கும் அதுதான் சுலபம். அளவு இது: ஜெலட்டின் பொடி 20 கிராம், சர்க்கரை 300 கிராம், தேன் அல்லது லிக்விட் குளுக்கோஸ் 100 கிராம், தண்ணீர் 100 மில்லி வீதம் இரண்டு பங்கு, உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா ஒரு தேக்கரண்டி. ஏறத்தாழ அரைக் கிலோ மார்ஷ்மெல்லோ கிடைக்கும்.

முதல் பங்குத் தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். அதில் ஜெலட்டினைத் தூவிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் உப்பிக்கொள்ளும். வெந்நீரில் நேரே கொட்டினால் மேற்புறம் மட்டும் கரைந்து உள்ளே கட்டி கட்டியாக நின்றுவிடும். இரண்டாம் பங்குத் தண்ணீரில் சர்க்கரை, தேன், உப்பு சேர்த்து அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டும். வெப்பமானி உள்ளவர்கள் 115 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கலாம். வெப்பமானி இல்லாதவர்களுக்கு நமது பாட்டிமார் முறையே போதும். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் சேர்த்தால் மெத்தென்ற உருண்டையாகத் திரள வேண்டும். இளம் உருட்டுப் பதம் என்பது அது. கம்பிப் பதத்தில் இறக்கினால் துண்டு போட முடியாமல் கொழகொழத்துப் போகும். கடலை மிட்டாய்ப் பதம் வரை விட்டால் ரப்பராகிவிடும்.

இறக்கிய பாகை இரண்டு நிமிடம் கொதிப்படங்க விட்டு, ஊறிய ஜெலட்டின் மேல் சிறு தாரையாக ஊற்றிக்கொண்டே மின்சார முட்டையடிப்பானால் அடிக்க வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. மிக்சியில் இந்த வேலை ஆகாது. பிளேடு வெட்டுமே தவிரக் காற்றை ஏற்றாது. கையால் அடிப்பவருக்கு நல்ல தோள்வலி நிச்சயம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தேன் நிறம் மாறி வெண்மையாகி, பாத்திரத்தில் மூன்று மடங்கு உயர்ந்து, கரண்டியைத் தூக்கினால் நாடா போல மடிந்து விழும். அப்போது வெனிலாவைச் சேர்த்து, எண்ணெய் தடவி மாவு தூவிய தட்டில் ஊற்றிச் சமப்படுத்தி, மேலும் மாவு தூவி ஓர் இரவு அப்படியே விட்டுவிட வேண்டும். காலையில் கத்தியில் எண்ணெய் தடவித் துண்டு போட்டு, வெட்டிய பக்கங்களையும் மாவில் புரட்டி எடுக்கலாம். கார்ன்ஃப்ளோரும் பொடித்த சர்க்கரையும் சம பங்கு கலந்ததே இந்த மாவு.

தேனோ குளுக்கோஸோ எதற்கு என்று கேட்பார்கள். வெறும் சர்க்கரைப் பாகு ஆறும்போது மீண்டும் மணி மணியாகக் கட்டப் பார்க்கும். இவற்றைக் கொஞ்சம் கலந்தால் அது தடைபட்டு, மிட்டாய் நறநறவென்று இல்லாமல் மென்மையாக நிற்கும். லிக்விட் குளுக்கோஸ் எல்லா ஊரிலும் கிடைக்காது. தேன் நமது கடைகளில் என்றும் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்வது. மார்ஷ்மெல்லோ தொண்டையில் அடைத்துக்கொள்ளக் கூடிய பண்டமுமாகையால், சிறு குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்பது நல்லது.

நமது பேத்திகள் ஒரு முறை பாதிச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை போட்டார்கள். கரைத்து வடிகட்டிய பிறகே அடுப்பில் வைத்தார்கள். அடியில் ஒரு சிட்டிகை மண் நின்றது. மிட்டாய் வெண்மையாக வராமல் பழுப்பாக, சற்றுக் குறைவாகப் பொங்கி வந்தது. ஆனால் ருசியில் நமக்கு அதுவே மேல் என்று பட்டது. வெனிலா கூடத் தேவைப்படவில்லை. இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டார்கள்.

கடற்பாசி

இனி சைவ வழி. சைனா கிராஸ், அகர் அகர், கடற்பாசி என்று மூன்று பெயரில் சிட்டையில் எழுதினாலும் சரக்கு ஒன்றே. ரமலான் மாதம் வந்தால் நோன்பு திறக்கும் வேளைக்காகக் கடற்பாசி எவ்வளவு விற்கும் என்பது இசுலாமியர் வசிக்கும் தெருக்களில் கடை வைத்திருப்போருக்கு நன்றாகத் தெரியும். நூலாகவும் பட்டையாகவும் வருவது ஒரு வகை, பொடியாக வருவது ஒரு வகை.

இந்தச் சரக்குக்கும் நமது தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கும் நேரடி உறவு உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன் பகுதிகளில் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில் மூச்சடக்கி மூழ்கி, பாறைகளில் வளரும் பாசியைக் கையால் பறித்து வருகிறார்கள். பாறை கீறாமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு செய்யும் வேலை. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று அவர்கள் சொல்லும் வகைகளிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். காய்ந்த பாசி மதுரை வட்டாரத்து ஆலைகளுக்குப் போய், வேகவைத்து வடித்து, உறையவிட்டு, உலர்த்திக் கடைக்கு வருகிறது. நம்மில் பலர் பெயரை வைத்து இது சீனச் சரக்கு என்றே நினைத்திருக்கிறார்கள். வாங்கும்போது எந்த ஊர்த் தயாரிப்பு என்று பொட்டலத்தில் பாருங்கள்.

ஜெலட்டினுக்குப் பதில் இதைக் கொடுத்தால் போதுமா என்ற கேள்விக்கு வருவோம். அதே அளவு, அதே முறை என்று சொல்லிக் கொடுத்தால் வீட்டில் கட்டாயம் கெட்டுப்போகும்; பழி நமக்கு வரும். இரண்டுக்கும் குணம் வேறு. ஜெலட்டினைக் குளிர்நீரில் ஊறவைத்து இளஞ்சூட்டில் கரைத்தால் போதும். கடற்பாசியைக் கொதிக்க வைத்தால்தான் கரையும். ஜெலட்டின் உறைவு உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும். அதனால்தான் மார்ஷ்மெல்லோ வாயில் கரைகிறது. சித்திரை வெயிலில் கடையில் வைத்தால் தளர்ந்து ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். கடற்பாசி 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் உறைந்துவிடும். மறுபடி உருக வேண்டுமானால் 85 டிகிரி வரை போக வேண்டும். நமது ஊர் வெயில் அதை ஒன்றும் செய்யாது. மேலும் கடற்பாசிக்கு வலு அதிகம். ஜெலட்டினில் பாதிக்கும் குறைவாகவே போதும். ஆனால் ஜெலட்டினைப் போல அதற்குத் தானாக நுரையைப் பிடித்து வைக்கும் திறம் கிடையாது. நுரைக்குத் துணை வேண்டும்.

அந்தத் துணையாக முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து உருசிய நாட்டில் ஸெஃபிர் என்ற மிட்டாய் செய்கிறார்கள். மார்ஷ்மெல்லோவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். ஆப்பிளை வேகவைத்து மசித்துக் கெட்டியாக்கிய விழுது 125 கிராம், அதோடு சர்க்கரை 125 கிராம், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. இவற்றை ஒன்றாக வெள்ளை வெளேரென்று வரும்வரை அடிக்க வேண்டும். பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பசையோ மஞ்சள் கருவோ இருந்தால் நுரைக்காது. தனியே 80 மில்லி நீரில் 4 கிராம் கடற்பாசிப் பொடியை ஊறவைத்து, கொதிக்கவிட்டுக் கரைத்து, 240 கிராம் சர்க்கரை சேர்த்து 110 டிகிரி வரை, அதாவது கம்பிப் பதம் வரை காய்ச்ச வேண்டும். சூடாக இருக்கும்போதே நுரையில் தாரையாக ஊற்றி அடித்து, உடனே தட்டில் வார்த்துவிட வேண்டும். தாமதித்தால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும். ஒரு நாள் முழுக்கக் காற்றாட வைத்தால் மேலே மெல்லிய தோல் கட்டி, உள்ளே மென்மையாக இருக்கும். ஆப்பிளில் இயற்கையாக உள்ள பெக்டினும் உறைவதற்குக் கைகொடுக்கிறது.

முட்டையும் ஆகாது என்போருக்கு ஒரு வழி உண்டு. இதைக் கேட்டபோது நமக்கே வியப்பாக இருந்தது. கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த பின், நாம் கீழே கொட்டிவிடும் அந்தத் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு போலவே நுரைக்கும். 2014-இல் பிரான்சில் ஒருவர் கண்டு வெளியிட்டார். அதற்கடுத்த ஆண்டிலிருந்து உலகெங்கும் பரவியது. கடலை முழுகும் அளவு நீர் மட்டும் வைத்து, உப்புப் போடாமல் வேகவைத்து, வடித்த நீர் முட்டை வெள்ளைக்கரு போலக் கெட்டியாகும்வரை சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி. அடிக்கும் நேரம் கொஞ்சம் கூடும். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரை நிற்கும். மற்றதெல்லாம் முன் சொன்னபடியே. கடலை வாசம் வருமோ என்று நாம் தயங்கினோம். செய்து முடித்ததும் அப்படி ஒன்றும் தெரியவில்லை. கடைபோல இழுபடும் தன்மை இதில் இராது. கடித்தால் மென்மையாக அறுபடும். அதையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பிறகு பேச்சு வராது.

"வெஜ் ஜெலட்டின்" என்ற பெயரிலும் பொடி வருகிறது. அது பெரும்பாலும் அகர் அல்லது காராஜீனன் கலவை. அந்தப் பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுப்படிதான் பயன்படுத்த வேண்டுமே தவிர, மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது.

மற்றச் சரக்குகள்

கார்ன்ஃப்ளோரில் ஒரு குழப்பம் தினமும் நடக்கிறது. வாடிக்கையாளர் "சோள மாவு" என்று கேட்பார். நாம் வெள்ளைச் சோளம் அரைத்த மாவையோ, மஞ்சள் மக்காச்சோள மாவையோ கட்டிக் கொடுத்துவிடுகிறோம். மிட்டாய்க்கு வேண்டியது மக்காச்சோளத்திலிருந்து எடுத்த வெள்ளை ஸ்டார்ச். விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கும். "ரொட்டிக்கா, மிட்டாய்க்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஐசிங் சுகர் இல்லையென்றால் சர்க்கரையை மிக்சியில் பொடித்து ஒரு கரண்டி கார்ன்ஃப்ளோர் கலந்து சலித்துக்கொள்ளச் சொல்லலாம். பாகுக்குச் சர்க்கரை எஸ்-30 ஆனாலும் எம்-30 ஆனாலும் கரைந்த பின் ஒன்றுதான். இதற்காக விலை கூடின ரகத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

நிறத்தைப் பற்றித்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும், அதையடுத்துத் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆய்வில் ரோடமைன்-பி என்ற சாயம் இருப்பது தெரியவந்தது. அது துணிக்குப் போடும் சாயம். உணவில் அறவே கூடாது. மார்ஷ்மெல்லோவும் அதே இளஞ்சிவப்பு நிறத்தில் பிள்ளைகள் தின்னும் பண்டம் என்பதை மறக்கக் கூடாது. பெயரில்லாத காகிதப் பொட்டலத்தில், உரிமம் எண் இல்லாமல் வரும் கலர்ப் பொடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நமது கடைக்குள் விடக் கூடாது. உணவுக்கு அனுமதித்த சாயங்களுக்கும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று உச்சவரம்பு இருக்கிறது. வீட்டில் செய்பவருக்குச் சாயமே தேவையில்லை. ஒரு கரண்டி பீட்ரூட் சாறு விட்டால் ரோஜா நிறம் வந்துவிடும். சாறு சேர்ப்பவர்களுக்கு இன்னொன்று: ஜெலட்டினில் பச்சை அன்னாசிச் சாறோ பப்பாளியோ சேர்த்தால் உறையவே உறையாது. அவற்றிலுள்ள ஒரு பொருள் ஜெலட்டினை அறுத்துவிடுகிறது. கொதிக்க வைத்த பின் சேர்த்தால் தொல்லையில்லை.

இருப்பு வைப்பதில் கவனிக்க வேண்டியது ஈரப்பதம். ஜெலட்டின், கடற்பாசிப் பொடி, ஐசிங் சுகர் மூன்றும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மிளகாய்ப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தால் கட்டியும் பிடிக்கும், மணமும் ஏறும். ஐம்பது கிராம், நூறு கிராம் அளவில் கம்பெனி அடைத்த பொட்டலமாக வாங்கி, மாதம் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு மட்டும் வையுங்கள். ஜெலட்டினும் கடற்பாசியும் ஒரே தட்டில் அடுத்தடுத்து இருக்க வேண்டாம். பையன் அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டால் அந்த அம்மாள் கதைதான். நாம் ஜெலட்டினை முட்டை அட்டைகள் இருக்கும் பக்கத்துக்கு மாற்றிவிட்டோம்.

வீட்டில் செய்த மார்ஷ்மெல்லோவைக் காற்றுப் புகாத டப்பாவில், மாவு தூவி, நிழலான இடத்தில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். முட்டையோ கடலை நீரோ சேர்த்தது என்றால் மூன்று நான்கு நாளில் முடித்துவிடுவது நல்லது. குளிர்பெட்டியில் திறந்து வைத்தால் வெளியே எடுத்ததும் வேர்த்து ஒட்டிக்கொள்ளும்.

சில இல்லத்தரசிகள் செய்ததைக் கொண்டுவந்து, "உங்க கடையில வச்சு வித்துக் குடுங்க அண்ணாச்சி" என்று கேட்கவும் தொடங்கியிருக்கிறார்கள். ஆதரிக்க வேண்டியதுதான். ஆனால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, பதிவு எண், சேர்மானம், தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் உண்ண வேண்டும், பச்சையா பழுப்பா என்ற அடையாளம் ஆகிய இத்தனையும் அச்சிட்ட சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பதிவு செய்வது எப்படி என்று தெரியாதவர்களை நமது சங்க அலுவலகத்துக்கு அனுப்பினால் விவரம் சொல்வார்கள்.